கணினி மொழிகள் மாறுவது ஏன்?

மலாக்கா மாநிலத்து மண் மூன்று பெரும்பயிர்களைக் கண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பெருவழக்காக விளைந்தது மரவள்ளி. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர்ப் புக்கிட் ஆசாகானில் அதனினும் பன்மடங்கு பெரிய தோட்டம் உருவாயிற்று. மரவள்ளி ஒதுங்கியது. 1960-களுக்குப் பின் ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை ஏறியது. ரப்பர் மரம் பால் சுரக்க மறுத்ததனால் வெட்டப்படவில்லை. உலகச் சந்தையில் செயற்கை ரப்பர் புகுந்தது, விலை தளர்ந்தது, செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும் என்றாயிற்று. மரம் அதே மரந்தான். அதனைச் சூழ்ந்திருந்த உலகம் வேறாயிற்று. பட்டையைக் காயப்படுத்தாமல் பால் வெட்டும் கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குக் குலை வெட்டும் அரிவாள் புதிய பாடமாயிற்று.

கணினிக்கு ஆணையிடுவதற்கென மனிதர் ஆக்கிக்கொண்ட மொழிகளின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. ஒரு மொழி செல்வாக்கோடு விளங்குகிறது. இருபது ஆண்டுகளுக்குள் அதன் இடத்தில் வேறொன்று அமர்கிறது. பழையது குறையுடையதாக இருந்தமையால் நீங்கிற்று என்று பலரும் கருதுவர். பெரும்பாலும் அஃது உண்மையன்று. அம்மொழி வேரூன்றியிருந்த நிலம் கைமாறியிருக்கும். அல்லது நிலத்தின் தன்மையே மாறியிருக்கும். கணினித் துறையினர் அந்நிலத்தைத் 'தளம்' என்பர். பொறி, பொறியை ஆளும் அடிப்படை முறைமை, அவ்விரண்டையும் உடையோர் வகுக்கும் விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தளம்.

இது வல்லுநர்க்கு மட்டும் உரிய செய்தியாக இருந்த காலம் கடந்துவிட்டது. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அவற்றின் மாணவர் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தில் நிரலாக்கத்தின் முதற்படியைக் கற்கின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றால், 2017-இல் தொடங்கப்பெற்ற அடிப்படைக் கணினி அறிவியற் பாடத்தில் ஸ்கிராட்ச், பைத்தான் ஆகியவற்றைக் காண்கின்றனர். மலாக்காப் பட்டணத்தருகே 1996-இல் தோன்றிய பல்லூடகப் பல்கலைக்கழகமும், 2000-இல் கல்லூரியாகப் பிறந்து 2007-இல் பெயர் மாறிய மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒரே வீட்டில் மூத்தவன் 'சி' என்னும் மொழியைக் கற்றிருப்பான். அடுத்தவள் ஜாவா படித்திருப்பாள். கடைக்குட்டி பைத்தானோடு வந்து நிற்பான். அண்ணன் படித்தது வீணாயிற்றா என்று பெற்றோர் கேட்டால், விடை சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அவர்கள் அறிந்த ஆசிரியரே. இதனோடு இன்னொரு வினாவும் உண்டு. தளம் ஒவ்வொரு முறை மாறும்போதும் தமிழ் எழுத்தின் நிலை என்னவாயிற்று? தமிழாசிரியருக்கு முன்னதைவிடப் பின்னதே முதன்மையானது.

செக்ரோலும் பொறியும்

கணினி மொழி என்பது யாது என்பதற்குத் தோட்டத்து அலுவலகத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கிராணியார் செக்ரோல் எழுதுவார். ஒவ்வோர் ஆளின் பெயருக்கும் நேரே வேலை செய்த நாட்கள் குறிக்கப்படும். மாத முடிவில் நாட்களை நாட்கூலியால் பெருக்கி, 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதிக்கு உரியதைக் கழித்து, முன்பணம் வாங்கியிருந்தால் அதனையும் கழித்து, மீதியைக் கையில் கொடுப்பர். இந்தச் செய்முறையை எழுத்தறிந்த எவருக்கும் ஐந்தாறு வரிகளில் எழுதிக் காட்டிவிடலாம். எழுதியதைப் படித்து அவர் அப்படியே செய்வார். அவ்வரிகளே நிரல் எனப்படும்.

பொறிக்கு இவ்வரிகள் விளங்கா. அதன் உறுப்புகள் எண்களை மட்டுமே அறியும். இன்ன இடத்திலுள்ள எண்ணை எடு, இன்ன இடத்திலுள்ளதோடு கூட்டு, விடையை இன்ன இடத்தில் வை என்பனவும் எண்களாகவே அதற்கு ஊட்டப்பட வேண்டும். ஒவ்வொரு பொறி வகைக்கும் அவ்வெண் குறிகள் வேறு வேறு. தொடக்கத்தில் நிரலாளர் பொறியின் குறிகளிலேயே எழுதினர். ஆகவே பொறி மாறினால் எழுதியது முழுவதும் குப்பைக்குப் போயிற்று. இந்த வருத்தமே உயர்நிலை மொழிகளைப் பிறப்பித்தது. 1957-இல் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர் ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்கு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டனர். கணிதச் சூத்திரத்தை ஏறத்தாழச் சூத்திரமாகவே எழுதலாம். அதனைப் பொறியின் குறிகளாகப் பெயர்ப்பதற்கு ஒரு பெயர்ப்பு நிரல் உண்டு. மொழி மனிதனுக்காக அமைந்தது, பொறிக்காக அன்று என்பது இங்கு மனத்திற்கொள்ளத் தக்கது.

செக்ரோல் போன்ற கணக்குகளுக்கு ஏற்றதாக 1959-இல் அமெரிக்காவில் ஒரு குழு கூடியது. கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையாரின் முந்தைய ஆக்கம் அதற்கு வழிகாட்டியாயிற்று. 1960-இல் கோபால் மொழி வெளிவந்தது. (கோபால் என்ற பெயருக்கும் நம் நாட்டுக் கோபாலருக்கும் தொடர்பில்லை, அஃது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை.) நாட்களைக் கூலியால் பெருக்கி மொத்தத்தில் இடுக என்பதை ஏறக்குறைய ஆங்கில வாக்கியமாகவே அதில் எழுதலாம். கணக்கர் ஒருவர் படித்துப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லத்தக்க மொழி வேண்டும் என்பதே அதனை ஆக்கியோரின் நோக்கம். நிரலாளர் பலர் அதன் நீட்டலை எள்ளி நகையாடினர். எனினும் நிலைத்து நின்றது அதுவே.

அந்நாளில் அலுவலகங்களில் மிகப் பரவியிருந்த பொறி, 1959-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 1401. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை உலகெங்கும் நிறுவப்பட்டன. அதன் நினைவகத்தின் பேரளவு 16,000 எழுத்துகளே. அதாவது இந்தக் கட்டுரை முழுவதும்கூட அதில் அடங்காது. அது அறிந்த எழுத்து வடிவங்கள் 64. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றோடு இடம் தீர்ந்துவிடும். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கே இடமில்லாத அவையில் தமிழின் 247 எழுத்துகளைப் பற்றி யார் நினைப்பர்?

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் 360 என்னும் புதிய பொறிவரிசையை அறிவித்தது. பழைய 1401-க்கும் அதற்கும் குறிமுறையில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாடிக்கையாளர் தாம் எழுதிவைத்த நிரல்களை இழக்க நேருமோ என்று அஞ்சினர். ஆகவே 360 வரிசையின் சில பொறிகளில், 1401 போலவே நடித்துப் பழைய நிரல்களை ஓட்டும் ஏற்பாட்டைச் சேர்த்துத் தந்தனர். புதிய வீட்டுக்குள் பழைய வீட்டின் ஓர் அறையைப் பெயர்த்துவைத்ததற்கு இஃது ஒப்பாகும். கோபாலில் எழுதியிருந்தோர் புதிய பெயர்ப்பு நிரலைக் கொண்டு குறைந்த துன்பத்தோடு குடிபெயர்ந்தனர். பொறியின் குறியிலேயே எழுதியிருந்தோர் அந்த அறைக்குள்ளேயே நெடுநாள் தங்க வேண்டியதாயிற்று. மலேசியாவின் முதற்கணினி தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது 1966-இல். கணினி இந்நாட்டுக்குள் நுழைந்தபோதே உலகில் முதற்பெரும் தளமாற்றம் நடந்துகொண்டிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இம்மாற்றத்தில் பலர் கவனியாத ஒன்று உண்டு. 360 பொறி எட்டு துணுக்குகளைச் சேர்த்து ஓர் அலகாக்கியது. அதனால் ஓர் எழுத்துக்கு உரிய இடத்தில் 64-க்குப் பதில் 256 வேறுபாடுகளைக் குறிக்க முடிந்தது. யாரும் தமிழை நினைத்து இதனைச் செய்யவில்லை. ஆயினும் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

சாகாத மொழியும் உரிமையாளர் ஆணையும்

மொழி மறைந்தது என்பதற்குக் கணினித் துறையில் தனிப்பொருள் உண்டு. அதில் புதிதாக எழுதுவோர் குறைந்தனர் என்பதே அதன் பொருள். எழுதிவைத்தது ஓடிக்கொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் வேலையிழந்தோர் பல்லாயிரவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, அம்மாநிலப் பொறிகள் திணறின. கோபால் அறிந்தோர் தொண்டு செய்ய முன்வருக என்று ஆளுநரே வெளிப்படையாக அழைத்தார். அறுபது ஆண்டு முதிர்ந்த மொழிக்கு அப்படி ஒரு தேவை வந்தது. சட்டம் மாறும்போதெல்லாம், கழிவு விகிதம் மாறும்போதெல்லாம் வரிவரியாகச் சேர்த்த விதிகள் அந்த நிரல்களில் படிந்து கிடக்கின்றன. அவற்றை முழுதும் அறிந்தவர் ஓய்வு பெற்றுவிட்டனர். பெயர்த்தெழுதினால் எந்த விதி விடுபடும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. பழைய மொழியைக் காப்பது அன்பன்று, அச்சமே.

இன்னொரு மொழி வேறு வகையில் நிலைபெற்றது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் தோன்றிய யூனிக்ஸ் என்னும் முறைமை முதலில் ஒரு குறிப்பிட்ட பொறியின் குறியில் எழுதப்பட்டது. டென்னிஸ் ரிட்சி ஆக்கிய சி மொழியில் 1973-இல் அதனைத் திரும்ப எழுதினர். அதன் பின்னர் யூனிக்ஸ் பொறிவிட்டுப் பொறி தாவிற்று. சென்ற இடமெல்லாம் சி மொழியையும் உடன் கொண்டுசென்றது. அதுவரை தளத்தை நம்பி மொழி வாழ்ந்தது. இங்கு மொழியே தளத்தின் அடித்தளமாயிற்று. ஆகையால்தான் அதனைப் பெயர்ப்பது எளிதாயில்லை. லினக்ஸ் முறைமையின் உட்கருவில் சி-க்குத் துணையாக ரஸ்ட் என்னும் புதுமொழி இடம்பெற 2022 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. மலாக்காவிலேயே இதற்குச் சான்று காணலாம். 1973 முதல் சீமன்ஸ் ஆலையாக இருந்து 1999-க்குப் பின் இன்ஃபினியான் என்று பெயர் பெற்ற தொழிற்சாலையை அறியாத குடும்பம் அங்கே குறைவு. அந்நிறுவனம் உலகுக்கு விற்கும் சிறுகட்டுப்படுத்திச் சில்லுகளுக்கு இன்றும் பெரும்பாலும் சி மொழியிலேயே நிரல் எழுதப்படுகிறது. மூத்தவன் படித்தது வீணாகவில்லை.

1980-களில் மேசைக் கணினி வந்தபோது சிறிய அலுவலகங்கள் பேசிய மொழி வேறு. பெயர்ப்பட்டியல், கூலிப்பட்டியல், சரக்குக் கணக்கு ஆகியவற்றுக்கு டிபேஸ் என்னும் மொழி உலகெங்கும் கைகொடுத்தது. டாஸ் என்னும் முறைமையின்மேல் அது வளர்ந்தது. விண்டோஸ் வந்ததும் திரையின் இயல்பே மாறிற்று. டிபேஸ் அதற்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளத் தாமதித்தது. அதன் வழிவந்த ஃபாக்ஸ்புரோவை 1992-இல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. 2007-இல் இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. வாங்கியவரே வளர்ப்பை நிறுத்திய கதை இது. ஆனால் டிபேஸ் வகுத்த கோப்பு வடிவம் இன்றும் பல நிரல்களால் படிக்கப்படுகிறது. மொழி போயிற்று, அம்மொழியில் எழுதிய பேரேடு பிழைத்தது.

மொழியின் ஆயுளை உரிமையாளரே தீர்மானிப்பதற்கு ஆப்பிள் நிறுவனம் தெளிவான சான்று. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்கு உரிய கையேடுகள் நிக்லாஸ் விர்த்தின் பாஸ்கல் மொழியை அடியொற்றி எழுதப்பட்டன. பின்னர்ச் சி மொழியும் அதன் கிளையும் அவ்விடத்தைப் பிடித்தன. 1996 டிசம்பரில் நெக்ஸ்ட் என்னும் நிறுவனத்தை வாங்க ஆப்பிள் முடிவுசெய்தது. நெக்ஸ்ட் பயன்படுத்தியது ஆப்ஜெக்டிவ்-சி. அன்றுவரை சிலரே அறிந்திருந்த அம்மொழி, ஐபோன் வந்தபின் ஆயிரக்கணக்கானோர் கற்றே ஆகவேண்டிய மொழியாயிற்று. 2014 ஜூனில் ஸ்விஃப்ட் என்னும் மொழியை ஆப்பிள் வெளியிட்டதும் அந்த ஆட்சியும் தளர்ந்தது. இம்மாற்றங்களில் ஒன்றையேனும் மக்கள் கூடித் தேர்ந்ததில்லை.

கூகிளின் ஆண்டிராய்டு கதையில் நீதிமன்றமும் புகுந்தது. ஆண்டிராய்டுக்கு எழுதுவோர் ஜாவா மொழியைக் கையாண்டனர். (ஜாவா என்பது மலாக்காவுக்கு அண்மையிலுள்ள தீவின் பெயரே, அமெரிக்கர் அதனைக் காப்பியின் வழியாக எடுத்துக்கொண்டனர்.) ஜாவாவை ஆக்கிய சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது, அவ்வாண்டே கூகிள்மீது வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்ரலில்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம் கூகிளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2017-இல் கோட்லின் என்னும் மொழியைக் கூகிள் ஏற்றது. 2019-இல் அதற்கே முதலிடம் என்றது.

கோட்லின் வென்ற முறை தோட்டத்தாருக்குப் புதிதன்று. ரப்பர்க் கன்றில் பழைய வேரை வைத்துக்கொண்டு உயர்ந்த இனத்தின் மொட்டை ஒட்டுவார்கள். வேர் பழையது, மேலே எழுவது புதியது. கோட்லினில் எழுதியது ஜாவா ஓடும் அதே பொறியமைப்பில் ஓடும். பழைய ஜாவா நிரலும் புதிய கோட்லின் நிரலும் ஒரே செயலிக்குள் ஒன்றையொன்று அழைத்துப் பேசும். ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக எழுதிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவைக்கலாம். ஸ்விஃப்டும் ஆப்ஜெக்டிவ்-சியோடு இவ்வாறே கூடி வாழ்ந்தது. ஒட்டுக்கட்டிய மொழிகள் விரைவில் வென்றன. வேரோடு பிடுங்கி நட முயன்றவை பட்ட பாடு பெரிது. அவற்றுள் தலையாயது பைத்தான்; தமிழுக்கு மிக நெருங்கியதும் அதுவே.

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து?

பைத்தான் 1991-இல் கைடோ வான் ராசம் என்பவரால் வெளியிடப்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தபோது, இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் பல அதில் ஓடவில்லை. உலகம் முழுவதும் நிரலாளர் முணுமுணுத்தனர். பழையதற்கு விடைகொடுக்க 2020 சனவரி முதல் நாள் வரை பதினோர் ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலம் பிடித்தது. இவ்வளவு துன்பம் எதற்காக ஏற்கப்பட்டது? காரணங்களுள் முதன்மையானது எழுத்து. பழைய பைத்தானில் சொல் என்பது அலகுகளின் வரிசை. புதிய பைத்தானில் சொல் என்பது எழுத்துக்குறிகளின் வரிசை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு தோன்றாது. தமிழில் எழுதுவோர்க்கு இதுவே எல்லாம்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று வகுப்பில் கேட்டால், மாணவர் மூன்று என்பர்: த, மி, ழ். கணினி மொழிகளைக் கேட்டால் விடை மூன்று விதமாக வருகிறது. சி மொழியிடம் கேட்டால் 15 என்னும். பைத்தானின் பழைய பதிப்பும் வழக்கமான முறையில் அதையே சொல்லும். நினைவகத்தில் அச்சொல் எத்தனை அலகை அடைத்துக்கொண்டது என்பதையே அவை எண்ணுகின்றன. பைத்தானின் புதிய பதிப்பும் ஜாவாவும் 5 என்னும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என்று ஒருங்குறியின் குறியீடுகள் ஐந்தையும் அவை தனித்தனியே எண்ணுகின்றன. ஒவ்வொரு குறியீடும் மூன்று அலகாகச் சேமிக்கப்படுவதால்தான் முன்னது பதினைந்தாயிற்று. ஸ்விஃப்ட் மட்டும் 3 என்னும். மனிதர் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதே ஓர் எழுத்து என்னும் கொள்கையில் அம்மொழி அமைக்கப்பட்டது. உயிர்மெய்யை ஒரெழுத்தாகக் கொள்ளும் தமிழாசிரியரின் விடையை, 1972 முதல் 2014 வரை தோன்றிய மொழிகளுள் கடைசியாக வந்ததே தந்தது.

இது வெறும் வேடிக்கையன்று. எழுத்தெண்ணிக்கை தவறினால் சொல்லைத் திருப்பிப் போடும் நிரல் புள்ளியை இடம் மாற்றிவிடும். குறுக்கெழுத்து விளையாட்டு ஒரு கட்டத்தில் இகரக்குறியை மட்டும் தனியே நிறுத்தும். பெயரின் நீளத்துக்கு எல்லை வைத்த விண்ணப்பப் படிவம் தமிழ்ப் பெயரைப் பாதியில் அறுக்கும். பழைய மொழி தவறானது என்று கூற இயலாது. அது பிறந்த தளத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் அலகு என்பதே உண்மையாக இருந்தது. உண்மை மாறியது, மொழி மாறவில்லை.

மேலே சொன்ன 256 இடங்களின் கதையும் இங்கு வந்து சேர்கிறது. அவற்றுள் முதற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகளை வைக்க இயலாது. ஆகவே 1980-களிலும் 1990-களிலும் தமிழ் எழுத்துரு ஆக்கியோர், உயிர்மெய்யைத் துண்டுகளாக்கி அவ்விடங்களில் அமர்த்தினர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக அமர்த்தினர் என்பதே கேடு. ஒருவர் எழுத்துருவில் அகரம் இருந்த இடத்தில் இன்னொருவருக்குக் கொம்பு இருந்தது. அன்று தட்டெழுதிச் சேமித்த பள்ளி ஆண்டுமலர்களும் சங்க அறிக்கைகளும், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. டிபேஸ் மறைந்தும் அதன் பேரேடு பிழைத்தது. இங்கோ எழுதும் கருவி மறைந்ததும் எழுதியதே ஊமையாயிற்று. மாற்றும் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் எழுதியது என்று நினைவில் வைத்திருப்போர் இருக்கும்வரை அவை பயன்படும்.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதில் மலேசியாவின் பங்கு சிறிதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்னும் தமிழ்ச் செயலி டாஸ் காலத்தில் பிறந்தது. முரசு அஞ்சல் என்ற பெயரோடு விண்டோஸுக்கு வந்தது. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதனை ஆதரிக்கும் தளம் பொதுமக்கள் கைக்கு வர 2000-ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு வரை ஆயிற்று. இடைக்காலத்தில் மின்னஞ்சல் வழியே உலகத் தமிழர் கூடி வகுத்த தகுதர முறையும், 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற முறைகளும் வழங்கின. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. கைப்பேசிக் காலம் வந்ததும் 2005-இல், ஜாவா நிரல்களை ஏற்கும் கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதுவதற்குச் செல்லினம் வெளியிடப்பட்டது. பின்பு அதே செல்லினம் ஐபோனுக்கும் ஆண்டிராய்டுக்கும் சென்றது. தளங்களின் மொழிகள் வேறு வேறாதலின், ஒரே வேலையைச் செய்யும் கருவியை மீண்டும் மீண்டும் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது. 2013-இல் ஆப்பிள் தன் ஏழாம் பதிப்பு முறைமையில் அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைமுறைகளைத் தானே சேர்த்துக்கொண்டது. விருந்தாளியாக வந்த தமிழ் அன்று வீட்டாருள் ஒருவராயிற்று.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். தளம் மாறுவது பெருமொழியினர்க்குச் செலவு. தமிழ்போன்ற மொழிக்கு அதுவே உள்ளே நுழையும் வேளை. நிலைபெற்ற தளத்தின் அடிப்படையை எவரும் ஒரு சிறுமொழிக்காகப் பெயர்த்துப் போடமாட்டார்கள். எல்லாவற்றையும் பெயர்க்கும் நாளில் ஆள் அனுப்பிக் கேட்டால் இடம் கிடைக்கும். பழையன கழிவதையும் புதியன புகுவதையும் நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் புகும் வேளையில் வாயிலில் நிற்க ஆள் வேண்டும் என்பது அவர் காலத்து இலக்கணத்துக்கு வேண்டாத விதி.

தமிழிலேயே நிரல்

பைத்தானின் புதிய பதிப்பில் பெயர்களைத் தமிழிலேயே இடலாம்.

கூலி = நாள் * நாட்கூலி

என்று எழுதினால் பொறி அதனை ஏற்றுக் கணக்கிடும். பழைய பதிப்பில் இது பிழை. செக்ரோல் கணக்கை அறிந்த பாட்டனார் பேரனின் திரையில் இவ்வரியைப் படித்துப் பொருள்கொள்ள முடியும்; இதனைச் சிறிய செய்தி என்று தள்ளுவதற்கில்லை.

இதனினும் ஒரு படி மேலே சென்று, ஏவற்சொற்களையும் தமிழாக்கியவர் முத்தையா அண்ணாமலை. அவர் ஆக்கிய எழில் என்னும் நிரல்மொழி 2009-இல் ஆய்வுக்கட்டுரையாக விளக்கப்பட்டது. அதில் இலக்கணம் அறிந்தோர் கவனிக்கத்தக்க ஓர் அழகு உண்டு. ஆங்கில வழி வந்த மொழிகளில் 'ஆனால்' என்னும் பொருள் தரும் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே வரும். 'ஆனால்' என்பது அதன்பின் நிற்கும். நாள் 26-க்கு மேல் ஆனால் என்று தமிழர் பேசும் முறையும் அதுவே. சொல்லைப் பெயர்த்ததோடு நில்லாமல் தொடரமைப்பையும் பெயர்த்த முயற்சி இது. ஆயினும் எழில் தனக்கென ஒரு தளம் உடையதன்று, பைத்தானின்மேல் கட்டப்பட்டது. எந்தப் பெருநிறுவனமும் அதனைத் தன் கைப்பேசிக்கு உரிய மொழியாக அறிவிக்கவில்லை. சிறுவர்க்குக் கருத்தை விளக்கும் ஏணியாக அது பயன்படும். வேலை தேடும் இளைஞருக்கு அது போதாது. இதனை ஒளிக்காமல் மாணவரிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

எந்த மொழியைக் கற்பிப்பது என்று தயங்கும் ஆசிரியர்க்கு, மாணவர் கையிலிருக்கும் ஸ்கிராட்ச் கருவியின் சொந்த வரலாறே விடை தருகிறது. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திப் பூனையை நடக்கவைக்கும் அக்கருவி, 2007-இல் வெளிவந்தபோது ஸ்மால்டாக் என்னும் மொழியின் ஒரு வகையில் எழுதப்பட்டிருந்தது. 2013-இல் இணைய உலாவிக்குள் ஓட வேண்டும் என்பதற்காக ஃபிளாஷ் தளத்துக்கு ஏற்ப முழுதும் திருப்பி எழுதினர். ஃபிளாஷை ஆதரிப்பது 2020 டிசம்பரோடு முடியும் என்று அதன் உரிமையாளர் அறிவித்தனர். ஆகவே 2019 சனவரியில் மூன்றாம் முறையாக, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதி வெளியிட்டனர். அடித்தளத்தில் மூன்று மொழிகள் வந்துபோயின. மேலே, 'திரும்பச் செய்' என்னும் கட்டையும் 'ஆனால்' என்னும் கட்டையும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. 2007-ஆம் ஆண்டு முறையில் சேமித்த கோப்பொன்றை இன்றைய ஸ்கிராட்ச் திறந்து படிக்கிறது, பூனையும் நடக்கிறது.